செம்பாடும் சுண்ணக்கல்லும் இங்கயும் கிடக்கு. பிறகேன் பர்கண்டி வைன் அங்க மட்டும்?

உரும்பிராய்ச் செம்பாடு கேட்டது:

ஹொட்டேல் பயிற்சி எடுக்கிற பிள்ளையளுக்கு பிரெஞ்சு சிவப்பு வைன் பற்றி ஒரு பாடம் ஆயத்தம் செய்யிறன். "தெர்வார்" எண்ட இடத்தில வந்து நிண்டு போச்சு. கிடைச்ச குறிப்புகள் எல்லாம் "மண், காலநிலை, மனுசர் மூண்டும் சேர்ந்தது தெர்வார்" எண்டு ஒரு வரியில முடியுது. அதை வைச்சுப் பிள்ளையளுக்கு ஒண்டும் விளங்கப்படுத்த ஏலாது.

இங்க உள்ள பிள்ளையள் சும்மா கேட்டுக்கொண்டு இருக்க மாட்டினம். அலவாங்கு போட்டா ரெண்டடியில சுண்ணக்கல், மேல செம்பாடு, பந்தலில முந்திரிகை. "சேர், பர்கண்டியிலயும் சுண்ணக்கல்தானே, அப்ப இங்க ஏன் அப்பிடி வைன் வரேல்லை?" எண்டுதான் முதல் கேள்வி வரும்.

தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ: நிலம் வைனை மாத்திறது எந்த வழியால? கல்லின்ர ருசி வேரால ஏறி வருதா? ஒரே சரிவில பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள விலை வித்தியாசம் ஏன்? வகுப்பில இதைக் குடிச்சுக் காட்டுறதெண்டா எந்தப் போத்தல்களைப் பக்கத்தில பக்கத்தில வைக்கிறது?

லாசப்பல்காரன்:

பர்கண்டியில இருந்து தொடங்குங்கோ, அதுதான் லேசு. அங்க நல்ல சிவப்பு வைன் எல்லாம் பினோ நுவார் எண்ட ஒரே இனத்தில செய்யிறது. இனம் மாறாதபடியால் மிச்ச வித்தியாசம் நிலத்திலயும் செய்யிறவரின்ர கையிலயும்தான். போர்தோ எண்ட மற்றப் பெரிய வைன் பகுதியை முதல் எடுத்தா இனக் கலவை உள்ளுக்கு வந்து பிள்ளையளைக் குழப்பும்.

பர்கண்டியில கோட் டோர் எண்டது டிஜோனுக்குக் கீழ தொடங்கி போன் நகரத்தையும் தாண்டித் தெற்க போற ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளச் சரிவு. அகலம் சில இடங்களில அரைக் கிலோமீற்றருமில்லை. முகம் கிழக்கையும் தென்கிழக்கையும் பார்த்தபடி. காலமை வெயில் நேர அடிச்சு இலையில உள்ள பனியைக் காய வைக்கும், மேற்கால வாற மழையில ஒரு பங்கைப் பின்னால உள்ள மேட்டுநிலம் வாங்கிக்கொள்ளும்.

பலகையில இந்தச் சரிவை வெட்டுமுகமாக் கீறிப் போடுங்கோ, பாதிப் பாடம் முடிஞ்சுது. உச்சியில காடு. அதுக்குக் கீழ கடும் சுண்ணக்கல், மண் ஒரு சாணும் வராது, காத்து, குளிர்; பழம் பிந்திப் பழுக்கும், வைன் மெல்லிசா நிக்கும். அடிவாரத்தில மேல இருந்து கழுவுப்பட்டு வந்த ஆழமான களிமண். ஈரம் தேங்கும், கொடி கொழுக்கும், குளிர்காத்தும் இரவில கீழ இறங்கி அங்கதான் படுக்கும், அதால வசந்தத்தில பனிப்பாதிப்பும் அங்கதான் கூட. நடுவில, கடல்மட்டத்தில இருந்து 250 தொடக்கம் 300 மீற்றர் வரை ஒரு பட்டி. அங்க சுண்ணக்கல்லும் சுண்ணக்களியும் மாறி மாறிப் படுத்திருக்கு, மேல மேவி நிக்கிற மண்ணில கல்லுத் துண்டும் களியும் கலந்திருக்கு. மழை பெய்தா மிச்சத் தண்ணி கல்லு வெடிப்பால இறங்கிடும். வெயில் நீடிச்சா களி பிடிச்சு வைச்சதைக் கொஞ்சம் கொஞ்சமா விடும். கிராண்ட் க்ரூ எண்ட மேல்தரத் துண்டுகள் அநேகமா எல்லாம் இந்தப் பட்டியிலதான். ரொமானே கொந்தி எண்ட துண்டு வெறும் 1.81 ஹெக்டேயர், எங்கட கணக்கில 72 பரப்புக்குக் கிட்ட.

சரிவை ஊடறுத்துக்கொண்டு சின்னச் சின்னப் பள்ளத்தாக்குகளும் வரும். அதின்ர வாயில நிக்கிற துண்டுக்கு மாலையில குளிர்காத்து விழும், சரளையும் வந்து சேர்ந்திருக்கும். அதால ஒரே உயரத்தில, ஒரே கல்லில நிண்டாலும் 200 மீற்றர் தள்ளினா பழுக்கிற நாள் மாறும். இப்பிடிப் பேர் வைச்சுப் பிரிச்ச 1,247 துண்டுகளை 2015இல யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில சேர்த்தது.

கச்சேரியடி:

இவ்வளவும் சரி அண்ணை, ஆனா கொஞ்சம் கவனம். அதே சரிவில உள்ள குளோ து வூஜோ எண்ட தோட்டத்தைப் பாருங்கோ. சிஸ்ரேர்சியன் துறவிகள் மதில் கட்டின ஏறக்குறைய 50 ஹெக்டேயர். இப்ப கிட்டத்தட்ட 80 பேருக்குச் சொந்தம். மேல்பக்கம் மெல்லிசான சுண்ணக்கல் மண், கீழ பெருந்தெருவோட முட்டுற பக்கம் நீர் வடியாத களி. ஆனா முழுக்க கிராண்ட் க்ரூ. அதாவது சட்டம் மதிலைப் பாத்தது, மண்ணைப் பாக்கேல்லை. லேபிளில பேர் இருக்கெண்டதுக்காகத் தெர்வார் இருக்கு எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப் போடாதேங்கோ.

அடுத்தது, "இயற்கை தந்த நிலம்" எண்ட கதை. போர்தோவில மெடோக் எண்ட பகுதியில பெரிய பேர் எடுத்த சரளை மேடுகளைச் சுத்தி ஒரு காலம் சதுப்பு. 17ஆம் நூற்றாண்டில ஒல்லாந்த பொறியியலாளர் வாய்க்கால் வெட்டி வடிச்ச பிறகுதான் இண்டைய மெடோக். பர்கண்டியிலும் மழையில கீழ போன மண்ணைக் கூடையில திருப்பிச் சுமந்து மேல கொட்டினவை. 1395இல பிலிப் கோமகன் கமே இனத்தைப் பிடுங்கச் சொல்லிக் கட்டளை போடாட்டி அந்தச் சரிவில பினோ நுவார் இப்பிடி நிலைச்சிருக்குமோ தெரியாது. மனுசர் எண்ட பகுதியைக் கடைசி வரியில ஒட்டாமல் முதலே வையுங்கோ.

மண்ணியல் வாத்தியார்:

கேள்வியில் உள்ள "கல்லின் ருசி" பற்றி முதலில். அப்படி ஏறுவதில்லை. பாறைக் கனிமங்கள் நீரில் கரைவது அரிது; வேர் எடுப்பது பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம் போன்ற அயன்களை மாத்திரமே. அவை எந்தப் பாறையில் இருந்து வந்தாலும் ஒன்றுதான். வைனில் அவை இருக்கும் அளவில் நாக்கு அவற்றைத் தனித்து உணராது. புவியியலாளர் அலெக்ஸ் மோல்ற்மன் இதை நீண்ட காலமாக எழுதி வருகிறார். "சுண்ணக்கல் ருசி", "சக்கிமுக்கி வாசம்" என்பவை வருணனைச் சொற்கள் என்று சொல்லிக் கொடுங்கள்.

அப்படியானால் மண் எதைச் செய்கிறது? பெரும்பங்கு தண்ணீர். போர்தோ பல்கலைக்கழகத்தில் ஜெரார் செகன் மெடோக் சரளை நிலங்களில் ஆண்டுக்கணக்காக அளந்து காட்டியது இதைத்தான்: நல்ல வைன் தரும் நிலங்களின் இரசாயனத்தில் பொதுவான ஒன்று அகப்படவில்லை, பொதுவாக இருந்தது நீர் வழங்கும் ஒழுங்கு. பெரு மழையிலும் வேர் மூழ்காது, வறட்சியிலும் கொடி கருகாது, ஆனால் பழம் கறுக்கத் தொடங்கும் முன்னர் மெல்லிய தட்டுப்பாடு வரும்.

அந்தத் தட்டுப்பாட்டால் நடப்பவை. தளிர் நுனி வளர்வது நிற்கும்; கொடி செய்யும் வெல்லம் இலைக்குப் போகாமல் குலைக்குப் போகும். மணி சிறுக்கும், சாற்றுக்கு எதிரான தோலின் பங்கு கூடும். சிவப்பு வைனின் நிறமும் துவர்ப்பும் தோலில் இருந்துதான். இலை அடர்த்தி குறைந்து குலையில் வெளிச்சம் விழுவதால், கபர்னே சொவின்யோனில் பச்சைக் குடமிளகாய் மணம் தரும் பிரசீன் சேர்வைகளும் இறங்கும். தண்ணீர் தாராளமாகக் கிடைத்த அதே கபர்னே பழுத்த பின்னும் பச்சை வாசம் அடிப்பது இதனால்.

அளக்கும் முறையும் உண்டு. விடியுமுன் இலையைக் கிள்ளி அமுக்க அறையில் வைத்து நீர் அழுத்தம் பார்ப்பார்கள். மறை 0.2 மெகாபஸ்கால் வரை தட்டுப்பாடு இல்லை. மறை 0.3 முதல் 0.5 வரை சிவப்பு வைனுக்கு விரும்பத்தக்கது. மறை 0.8ஐத் தாண்டினால் இலை உதிரும், பழுப்பது தடைப்படும், வைன் கசக்கும். வறட்சி கூடக்கூட நல்லது என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம்.

இந்த ஒரே விளைவுக்குப் போர்தோவிலேயே மூன்று வேறு மண்கள் வழிவிடுகின்றன. இதை மாணவருக்குக் கட்டாயம் காட்டுங்கள். மெடோக்கில் ஆழமான சரளை: நீர் தங்காது, வேர் கீழே போகும், கல் சூடேறுவதால் பிந்திப் பழுக்கும் கபர்னே சொவின்யோனும் பழுத்துவிடும். பொமெரோலில் பெத்ருஸ் தோட்டத்தின் 11.5 ஹெக்டேயரில் பெரும்பகுதி வீங்கிச் சுருங்கும் நீலக் களி: நீர் நிறைய இருக்கும், ஆனால் களி இறுக்கிப் பிடித்திருப்பதால் வேரால் இலகுவாக இழுக்க முடியாது, குளிர்ந்த மண் என்பதால் முந்திப் பழுக்கும் மெர்லோ பொருந்துகிறது. சென் எமிலியோன் மேட்டில் நுண்துளைச் சுண்ணக்கல்: மேலே சிறிதளவே மண் இருந்தாலும் கல்லின் துளைகளுக்குள் இருக்கும் நீர் கோடையில் மெல்ல ஏறி வரும்.

நைதரசனையும் விடவேண்டாம். கரிம உரம் குறைந்த, மெலிந்த மண்ணில் கொடியின் வீறு அடங்கும். தோலில் நிறப்பொருள் கூடும். அளவு மிஞ்சிக் குறைந்தால் வேறு பிரச்சினை: சாறில் மதுவம் உண்ணக்கூடிய நைதரசன் லீற்றருக்கு 140 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நொதித்தல் இடையில் தேங்கும்.

இனி நம் மண். யாழ்ப்பாணச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது. பர்கண்டியின் கல் யுராசிக், அதைவிடப் பல மடங்கு பழையது. வயது முக்கியமில்லை, கட்டமைப்பே முக்கியம். நம் கல்லில் குழிகளும் பிலங்களும் அதிகம். மாரி மழை விறுவிறென்று நிலத்தடிக்குப் போய்விடும். மேலே உள்ள செம்பாடு இரும்பு ஒட்சைட்டும் கயோலினைட்டும் மிகுந்தது. நீரையும் போசணையையும் பிடித்து வைக்கும் திறன் குறைவு. பர்கண்டியில் இடையே படுத்திருக்கும் சுண்ணக்களிப் படை செய்யும் வேலையை இங்கே கிணற்று இறைப்புத்தான் செய்கிறது. தோற்றத்தில் நம் செம்பாட்டுக்கு நெருங்கிய வைன் நிலம் பர்கண்டி அல்ல, அவுஸ்திரேலியாவின் குனவாரா: சுண்ணக்கல் மேல் செம்மண், பெயர் பெற்ற கபர்னே. ஆனால் அங்கே தென்கடலின் குளிர்காற்று வீசுகிறது.

உரும்பிராய்ச் செம்பாடு:

நன்றி வாத்தியார், கச்சேரியடி. அப்ப மண்ணுக்காக மட்டும் நாங்கள் தோக்கேல்லை போல கிடக்கு. குளிர்தானா விசயம்? இங்க தோட்டம் செய்யிற ஆராவது சொல்லுங்கோ.

கோப்பாய்த் தோட்டக்காரி:

குளிரும், அதைவிட இரவும்.

பர்கண்டியில பூக்கிறது ஜூன் நடுப்பகுதி, வெட்டுறது ஏறக்குறைய நூறு நாளால செப்டெம்பரில. அந்தக் கடைசிக் கிழமைகளில பகல் இளஞ்சூடு, இரவு 10 பாகை வாக்கில. இங்க பனிக்காலத்தை விட்டா 25 பாகைக்குக் கீழ இறங்குற இரவே குறைவு. இரவுச் சூட்டில பழம் தன்ர மலிக்கமிலத்தை எரிச்சுப் போடும். வெல்லம் ஏறிடும், புளிப்பு விழுந்திடும், நிறம் பிந்தி நிக்கும். பகல் 35 பாகையைத் தாண்டினா தோலில அந்தோசயனின் எண்ட நிறப்பொருள் உண்டாகிறதும் குறையும், உண்டானதும் சிதையும். சந்தைக்குப் போற பழத்துக்கு இதால குறையில்லை. வைனுக்கு வந்தா சப்பெண்டு இருக்கும், புளிப்பில்லாதபடியால் கிருமியும் கெதியாப் பிடிக்கும்.

பகல் நீளமும் வேற. ஜூன் கடைசியில போன் நகரத்தில பகல் 16 மணித்தியாலத்துக்குக் கிட்ட, இங்க பன்னிரண்டரை. அங்க மாரியில கொடி உறங்கும்; இங்க உறக்கமே இல்லை, கத்தரிச்சாத்தான் புதுசா வெடிக்கும். அதால எங்களிட்ட ஒரு வசதி இருக்கு: எப்ப பழுக்கவேணும் எண்டதைக் கத்தரிக்கோலால தீர்மானிக்கலாம். ஆனா அந்த வசதியும் வந்து முட்டுற இடத்தைப் பாருங்கோ. எங்கட குளிரான இரவுகள் தை, மாசி. மாசியில வெட்டவேணுமெண்டா ஐப்பசி முற்பகுதியில கத்தரிக்கவேணும். அப்ப பூக்கிறது கார்த்திகை, மார்கழி மழைக்குள்ள; பூ கொட்டும், இலைக்குக் கீழ வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். வருச மழையில பெரும்பங்கு எங்களுக்கு அந்த மூண்டு மாதத்திலதான். மழை விட்ட பிறகு கத்தரிச்சா பழுக்கிறது சித்திரை வெயிலுக்குள்ள. ரெண்டில ஒண்டைத்தான் எடுக்கலாம். சந்தைக்குச் செய்யிற ஆக்கள் மழையைத் தப்பிறதைத்தான் எடுப்பினம், அதுதான் புத்தியும்.

நடுகையிலயும் ஒரு கணக்குச் சொல்லுங்கோ, பிள்ளையளுக்கு விளங்கும். பர்கண்டியில ஹெக்டேயருக்கு 10,000 கொடி, ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர். எங்கட ஒரு பரப்புக்கு 250 கொடி! இங்க பந்தலுக்குப் பத்தடிக்குப் பத்தடி வைச்சா ஒரு பரப்பில 27தான். அங்க கிராண்ட் க்ரூ சிவப்புக்குச் சட்டம் விடுற விளைச்சல் ஹெக்டேயருக்கு 35 ஹெக்டோலீற்றர் மட்டில. பரப்புக்கு 90 லீற்றரும் இல்லை. ஒரு கொடிக்கு அரைப் போத்தல்கூட வராது. எங்கட பந்தலில ஒரு கொடியில தூங்கிற குலையை எண்ணிப் பாத்தா அவையள் மயங்கிப் போவினம்.

வாத்தியார் சொன்ன அமுக்க அறை இங்க கிடையாது, ஆனா கொடியின்ர தண்ணி நிலையைக் கண்ணால பாக்கலாம். பிரான்சிலயும் செய்யிற முறைதான். தோட்டத்தில பரவலா 50 தளிர் நுனி பாருங்கோ. கடைசியா விரிஞ்ச ரெண்டு இலையையும் நுனியோட சேர்த்து மடியுங்கோ. நுனி இலைக்கு மேல நீட்டிக்கொண்டு நிண்டா நல்லா வளருது. இலை நுனியை மூடினா வளர்ச்சி மெதுவாகுது. நுனி காய்ஞ்சு உதிர்ந்தா நிண்டு போச்சு. மணி கறுக்கத் தொடங்கேக்க அநேகமான நுனி மெதுவாகி அல்லது நிண்டிருக்கவேணும். இங்க அப்பிடி வாறேல்லை, ஏனெண்டா ரெண்டு நாளைக்கு ஒருக்கா இறைப்பு, கிணத்துத் தண்ணியிலயே நைத்திரேற்று, அதுக்கு மேல யூரியாவும். மணி கட்டினதில இருந்து கறுக்கும் வரை இறைப்பு இடைவெளியைக் கூட்டலாம். ஆனா செம்பாட்டில ஒரேயடியா நிப்பாட்டாதேங்கோ. சரிவில நிக்கிற களிபோல அது தண்ணி பிடிச்சு வைக்காது, ஒரு கிழமைக்குள்ள கொடி விழுந்திடும். பிறகு பயத்தில நிறையக் கட்டினா மணி வெடிக்கும்.

இன்னொண்டு: பிரான்சில வேரைத் தாக்குற பிலொக்சராப் பூச்சி வந்த பிறகு அநேகமா எல்லாம் அமெரிக்க ஒட்டுக்கட்டையிலதான் நிக்குது. சுண்ணாம்பு கூடின மண்ணுக்கு 41பி, ஃபெர்கால் எண்ட கட்டைகள். ரிப்பேரியா போல சுண்ணாம்பு தாங்காததை அங்க வைச்சா நரம்பு பச்சையாவும் மிச்ச இலை மஞ்சளாவும் போகும். மண்ணில உள்ள இருகாபனேற்று இரும்பை எடுக்க விடாதபடியால் வாறது. அங்கயும் சுண்ணக்கல் வரம் மட்டுமில்லை எண்டு சொல்ல இது நல்ல உதாரணம்.

லாசப்பல்காரன்:

தோட்டக்காரி அக்கா சொன்னதுக்குப் பிறகு மண்ணைப் பற்றி எனக்கு மிச்சமில்லை. குடிச்சுக் காட்டுறதைச் சொல்லுறன்.

மெடோக்கையும் பொமெரோலையும் பக்கத்தில வைச்சு "இதுதான் தெர்வார்" எண்டு காட்டாதேங்கோ. ஒண்டு கபர்னே, மற்றது மெர்லோ. பிள்ளையள் காணுறது இனத்தை. ஒரே உற்பத்தியாளர், ஒரே வருசம், ஒரே இனம், ரெண்டு ஊர். பர்கண்டியில வொல்னேயும் பொமாரும் பக்கத்து ஊர்கள். பொமாரில களியும் இரும்பும் கூட, வைன் தடிப்பு, துவர்ப்பு முன்னுக்கு நிக்கும்; வொல்னேயில மண் மெல்லிசு, சுண்ணாம்பு கூட, வாசம் முன்னுக்கு, துவர்ப்பு மெதுவா. புது ஓக் பீப்பாயில கனகாலம் கிடந்ததை வாங்கவேண்டாம், மரவாசம் நிலத்தை மூடிப் போடும். ஆகலும் முதிர்ந்ததும் வேண்டாம்.

பர்கண்டி விலைக்குக் கட்டாது எண்டா அதுக்குத் தெற்க உள்ள போஜொலேப் பகுதி வைன் எடுங்கோ. இனம் கமே, காசு குறைவு. அங்க ஃபிளூரி எண்ட ஊர் இளஞ்சிவப்புக் கருங்கல்லில நிக்கிறது, பூ வாசம், மெல்லிசு. மொர்கோன் ஊரில கோட் து பி எண்ட மேடு உக்கின நீலநிறப் பாறை, வைன் இறுக்கம். கொழும்பில பிரெஞ்சு வைன் இறக்கிறவையிட்ட கேட்டா ஒண்டாவது அகப்படும். இதில ஒரு உபகாரமும் இருக்கு: இந்த ரெண்டுக்கும் அடியில சுண்ணக்கல்லே இல்லை. நல்ல வைனுக்குச் சுண்ணக்கல் வேணுமெண்ட கதை அதோட சரி.

யாழ்ப்பாணத்தில பிழைக்கிற இடம் சூடுதான். 30 பாகையில ஊத்தினா மதுசாரம் மூக்கில அடிக்கும், ரெண்டு வைனும் ஒண்டாத் தெரியும். ஐசும் தண்ணியும் கலந்த வாளியில போத்தலின்ர கழுத்து வரை கால் மணித்தியாலம் வையுங்கோ. வெப்பமானி வைச்சு 15, 16 பாகையில எடுங்கோ. ஐஸ் மட்டும் போட்டா கனநேரம் எடுக்கும், தண்ணி வேணும். ஒரு கிளாசுக்கு 40, 50 மில்லிலீற்றர் காணும். கூட ஊத்தினா குடிச்சு முடிய முன்னம் சூடாகிடும். போத்தல் கடைத் தட்டில வெக்கையில நிண்டதோ எண்டும் பாருங்கோ: தக்கை மேல தள்ளியிருந்தா, கழுத்துத் தகடு ஒட்டிச் சுத்தாமல் நிண்டா, வைன் கசிஞ்சிருந்தா வாங்காதேங்கோ. வெந்த வைனில தெர்வார் தேட ஏலாது, அவிச்ச பிளம் வாசம்தான் வரும்.

கடைசியா, பேரைச் சொல்லிக் குடுத்தா எல்லாரும் வித்தியாசம் பிடிப்பினம். மறைச்சு மூண்டு கிளாஸ் வையுங்கோ, ரெண்டில ஒரே வைன், ஒண்டில மற்றது. எந்தக் கிளாஸ் வேற எண்டு மட்டும் கேளுங்கோ. ஊகத்திலயே மூண்டில ஒரு பங்கு பேர் சரியாச் சொல்லுவினம். 12 பிள்ளையளில 8 பேர் பிடிச்சாத்தான் வித்தியாசம் உண்மையா நாக்குக்குத் தெரியுது எண்டு எடுக்கலாம். ஏழு பேர் எண்டா போத்தலை மாத்தி இன்னொரு நாள் செய்யுங்கோ.

கச்சேரியடி:

கிளாசுகளை வைக்கிற ஒழுங்கையும் ஆளுக்காள் மாத்துங்கோ, இல்லாட்டி நடுக் கிளாசைத்தான் எல்லாரும் சொல்லுவினம்.